அந்தோணிராஜின் லேபிளை வெட்டியவன் எழுதுவது

அந்தோணிராஜ் நம் ரசிகர் மன்றத்தின் உறுப்பினராக இறக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவரை நாம் நீக்கிவிட்டோம். அவர் செய்த குற்றம், நம் கபடி அணியை விட்டு வேறு அணிக்குப் போன ஓர் ஆட்டக்காரனுக்குக் கைதட்டியது. அதற்காகக் கூட்டம் போட்டு, அத்தனை பேர் முன்னால் அவருடைய அணி நிறப் பனியனைக் கழற்ற வைத்து, அதில் தைத்திருந்த உறுப்பினர் லேபிளை வெட்டி எடுத்தோம். வெட்டியது நான். அது அநியாயம். முதல் பத்தியிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் உங்களில் யாரும் எழுதப் போவதில்லை.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். திருப்பூரை ஒட்டிய மங்கலத்தில் என் தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அணி நம் ஊரை விட்டுப் போன பிறகு அந்தக் குழுவில் டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை என்ற அறிவிப்புகளைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. அதனால் நான் உடனே எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது செயலாளர் நந்தகுமார் ஒரு படம் போட்டிருந்தார். ‘மன்றத்தின் தூண் சாய்ந்தது’ என்று மேலே எழுத்து. கீழே அந்தோணிராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வேனுக்காகக் காத்து நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லையாம். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். இதே குழுவிலிருந்து அவரை வெளியேற்றியதும் இதே நந்தகுமாரின் விரல்தான். செத்த பிறகு தூணாகிவிட்டார்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதப் படிக்கத் தேறினேன். இனிக்க எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அந்தோணிராஜைத் தெரியாமல் அவர் வீட்டுக்கு மாலை கொண்டுபோனவர்களும் இருக்கிறீர்கள். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கபடி லீக் தொடங்கிய முதல் வருடம் நமக்கென்று ஓர் அணி வந்தது. நம் ஊரிலேயே ஆட்டம். நான் கேலரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் காது கிழியக் கத்தினார். பேச்சு தெற்கத்திப் பேச்சு. எனக்கு அப்போதே வாய் சும்மா இருக்காது.

“ஏப்பா, நீ தெக்கத்திக்காரன். எங்கூரு அணிக்கு எதுக்கு இந்தக் கத்து கத்தற?” என்றேன்.

“பத்தொம்பது வருசமா உங்க ஊருச் சாயத்தண்ணியக் குடிக்கேன் அண்ணாச்சி. உள்ள ஓடுத ரத்தமே கலரு மாறிப்போச்சு. பெறவு வேற யாருக்குக் கத்த?”

அப்படித்தான் பழக்கம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் அவருக்கு. கல்யாணமான புதிதில் மனைவி ஜெயமேரியுடன் திருப்பூருக்கு வந்தவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒரு பனியனின் முன் துணியையும் பின் துணியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்கிற வேலை. அந்த இடத்துக்குச் சைடு தையல் என்று பெயர். துவைக்கும் முறை எழுதிய குட்டி லேபிளைத் துணிக்கு நடுவே செருகுவதும் அந்தத் தையலில்தான். இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நம் மன்றமே அந்தத் தையலில்தான் தொடங்கியது.

மன்றம் தொடங்கியபோது அட்டை அடிக்கலாம் என்றார்கள் சிலர். “அட்டை நனைஞ்சா கூழாப் போயிரும். பனியன்லயே வச்சிருவோம்” என்றார் அந்தோணிராஜ். ஏதோ ஓர் ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய சலவை லேபிள்களைக் கேட்டு வாங்கிவந்தார். முன்பக்கம் ஏதோ வெளிநாட்டு எழுத்து. பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் துவைத்தாலும் போகாத மையால் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பரும் பெயரும் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு பனியன்களின் சைடு தையலைப் பிரித்து, லேபிளைச் செருகி, மறுபடி தைத்தார். முதல் நம்பரை எனக்குக் கொடுத்தார்.

“எனக்கெதுக்கப்பா ஒண்ணு? நீதான உக்காந்து தெச்சே.”

“தலை நரைச்சவுகளுக்கு முதல் மரியாதை அண்ணாச்சி. நான் கடைசி. நூத்திப் பன்னெண்டு. நூத்தியெட்டு ஆம்புலன்சு வரலன்னா இந்த நூத்திப் பன்னெண்டுக்குப் போடுங்க.”

எல்லோரும் சிரித்தோம். அப்போது நந்தகுமார் லேபிளின் முன்பக்கத்தைப் பார்த்து, “ஏனுங்ணா, இது என்ன பாஷைங்க? நம்ம மன்றத்துக்கு எதாச்சும் மோட்டோவுங்களா?” என்று கேட்டார்.

“துவைக்கையில முறுக்கிப் பிழியாதீங்கன்னு போட்டிருக்காம் தம்பி. ஆர்டரு பாக்குத எங்க மெர்ச்சன்டைசரு சொன்னாரு. மன்றத்துக்கும் அதே சட்டந்தாம்னு வச்சுக்கிடுவோம்.”

அதைத்தான் நாம் காப்பாற்றவில்லை.

அணியின் பெயரை நான் இந்தக் கட்டுரையில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பெயரை எழுதுவது? முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு பெயர். விளம்பரக்காரர் மாறியதும் வேறு பெயர். உரிமையாளர் மாறியதும் மூன்றாவது பெயர். நிறம் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்குப் போனது. பனியன் மாறிய ஒவ்வொரு முறையும் அந்தோணிராஜ் பழைய பனியன்களை வாங்கி, லேபிள்களைப் பிரித்து எடுத்து, புதுப் பனியன்களில் தைத்துத் தருவார். “துணி அவன் இஷ்டம். உள்ள இருக்கது நம்மது” என்பார். யோசித்துப் பாருங்கள். பெயர், நிறம், முதலாளி, பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள் என்று எல்லாம் மாறின. மாறாமல் இருந்தது அந்தத் துண்டு லேபிள்தான். அதைத்தான் நான் வெட்டினேன்.

ஆட்டக்காரர்கள் மாறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை முழுக்க அதைப் பற்றித்தான். முதல் வருடம் களத்தில் இறங்கும் ஏழு பேரின் பெயரும், அவர்கள் ஊரும், எந்தக் காலில் வலி என்பதும் நமக்குத் தெரியும். பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்கள் எல்லாம் ஏலத்துக்குப் போனார்கள். அடுத்த வருடம் நான்கு பேர் புதிது. அதற்கடுத்த வருடம் ஆறு பேர். போன வருடம் நாம் வாய் கிழியத் திட்டிய, பாடி வரும் எதிரணி ரெய்டர் இந்த வருடம் நம் பனியனைப் போட்டுக்கொண்டு தொடையைத் தட்டுகிறான். எனக்குக் கை எழும்பவில்லை. ‘போன வருசம் நம்ம பையனோட முழங்காலை ஒடச்சவன்டா இவன்’ என்று மனதுக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். சின்னவர்கள் வேறு மாதிரி போனார்கள். நான் இன்னாருடைய ரசிகன், அவர் எந்த அணியில் ஆடினால் என்ன என்றார்கள். அவர்களுக்கு ஊரும் இல்லை, நிறமும் இல்லை. ஏலம் முடிந்த மறுநாள் கைப்பேசியில் படத்தை மாற்றிக்கொள்வார்கள்.

அந்தோணிராஜ் இந்த இரண்டிலும் சேராதவர். ஏலம் முடிந்த மறுநாள் ஒரு துண்டு அட்டையில் புதியவர்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார். ஹரியானாக்காரர்கள் பெயர் வாயில் நுழையாது. கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைக்கும் பீகார்க்காரர்களிடம் உச்சரிப்பைக் கேட்டுக்கொண்டு வருவார். கேலரியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி, “ஷாபாஷ் பாய்” என்று கத்துவார். அந்த ஆட்டக்காரன் திரும்பிப் பார்ப்பான். இந்த ஊரில் தன் பெயரைச் சரியாகச் சொன்ன ஒரே மனிதன் யார் என்று தேடுவான்.

“இதென்னப்பா பரீட்சைக்குப் படிக்கற மாதிரி? அடுத்த வருசம் போயிருவானப்பா இவன்” என்பேன்.

“விருந்தாளி எத்தனை நாளைக்கு இருப்பாம்னு கேட்டுட்டா அண்ணாச்சி சோறு போடுவீய?”

 நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி பூபதி. குன்னத்தூர்க்காரன். தோட்டத்தில் மாடு மேய்த்துக்கொண்டு, கோயில் திருவிழாக் கபடியில் ஆடி, நம் அணிக்கு வந்தவன். வந்த முதல் வருடம் முதல் ஐந்தாம் வருடம் வரைக்கும் அவனை ஏலத்துக்கு விடாமல் அணி வைத்துக்கொண்டது. மற்றவர்கள் வந்து போனார்கள், பூபதி இருந்தான். அவன் இருந்ததால்தான் அணி நம்முடையது என்று நம்ப முடிந்தது. அவன் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு நொடி நம் கேலரியைப் பார்ப்பான். அந்த நொடிக்காகத் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றது என்பது தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வருடம் ஒப்பந்தம் முடிந்தது. அணி மறுபடி வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பூபதி மறுத்துவிட்டு ஏலத்துக்குப் போனான். யாரும் அவனைத் துரத்தவில்லை. அவனாகப் போனான். கூடுதலாகக் கொடுத்த அணி அவனை எடுத்தது. அது தென்கடற்கரை அணி. அந்தோணிராஜின் சொந்த மாவட்டத்து அணி.

அடுத்த வருடம் அந்த அணி இங்கே ஆட வந்தது. பூபதி ரெய்டுக்கு வந்தபோது கேலரி முழுக்க ஊளையிட்டது. நானும் ஊளையிட்டேன். அறுபத்தெட்டு வயதில் விரலை மடக்கி வாயில் வைத்து விசிலடித்தேன், அவன் அம்மாவைச் சேர்த்துக் கத்தினவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. அவன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் விழுந்தான். அப்படி ஒரு ரெய்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. நம் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். ஆரஞ்சு நிறப் பனியன். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு.

“உக்காருய்யா!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. தட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம், நந்தகுமார் வேலை செய்யும் கம்பெனியின் மொட்டை மாடியில் கூட்டம். அந்தோணிராஜைத் தவிர, என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பேர் வந்திருந்தோம். தகரக் கூரைக்குக் கீழே, மடித்துவைத்த அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். அங்கே பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். மறுப்பவர்கள் என் முகத்துக்கு நேராக மறுக்கலாம்.

நந்தகுமார் ஆரம்பித்தார். “அந்தோணிண்ணா, நீங்க செஞ்சது டீமுக்கே இன்சல்ட்டுங்க. ஒரு துரோகிக்குப் போயி கிளாப் பண்றீங்க.”

“ரெய்டு நல்லாருந்துச்சு தம்பி. தட்டுனேன்.”

“யாரோட ரெய்டுங்க?”

“பூபதியோடது. அஞ்சு வருசம் நாம தட்டுன அதே கையி, அதே காலு. ஆளு மாறலியே.”

“அவந்தான் காசுக்குப் போயிட்டானுங்களே!”

அந்தோணிராஜ் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கட்டா? இங்க உக்காந்திருக்க நாப்பது பேருல, பீஸ் ரேட்டு கூட்டிக் குடுத்தாம்னு கம்பெனி மாறாதவுக யாரு? கையத் தூக்குங்க பாப்போம்.”

ஒரு கையும் எழவில்லை. நந்தகுமார் அந்தக் கம்பெனிக்கே இரண்டு மாதத்துக்கு முன்புதான் மாறி வந்திருந்தார்.

“அது வேறைங்ணா, இது வேறைங்க. அது பொழப்பு. இது டீமு.”

“அவனுக்கு இதாம்யா பொழப்பு. நமக்குத்தாம் இது டீமு.”

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று ஆண்டுகளாக நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கும் முடியவில்லை. முடியாதபோது மனிதன் என்ன செய்வானோ அதை நான் செய்தேன். எழுந்து சொன்னேன்: “ரத்தம் காட்டிருச்சு பாத்தீங்களா. அவன் போனது இவனூரு டீமு. அதான் கையி தானா எந்திரிக்குது.”

சாயத்தண்ணி குடித்து ரத்தம் நிறம் மாறிவிட்டது என்று சொன்ன மனிதனிடம் இதைச் சொன்னேன்.  அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.  “ஓட்டுப் போடுங்க” என்றார்.

நாற்பத்தொரு கைகள். நந்தகுமார் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். லேபிளை வெட்ட வேண்டும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். யார் என்றும் தெரியும். அந்தோணிராஜ் தானே பனியனைக் கழற்றினார். உள்ளே ஓட்டை விழுந்த வெள்ளைப் பனியனோடு நின்றார். எக்ஸ்போர்ட் பனியன்களைத் தைத்துத் தள்ளியவர் தனக்கென்று போட்டிருந்தது அதுதான். நூல் வெட்டும் டிரிம்மரை யாரோ என் கையில் வைத்தார்கள். மன்றத்தின் தலைவர் நான் என்ற முறையில்.

நான் துணியை இழுத்துப் பிடித்து வெட்டப்போனேன்.

“பாத்து அண்ணாச்சி. சைடு தையல் பிரிஞ்சிராம வெட்டுங்க” என்றார்.

கோபமில்லாத, வேலை நடக்கும் இடத்தில் கேட்கும் சாதாரணக் குரல். ஆனால் தறிக்காரன் கை தையல்காரன் கை ஆகாது. இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் பிரிந்துவிட்டது. அவர் பனியனை வாங்கி, பிரிந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்து, போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். லேபிள் என் கையில் இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன். இன்று வரைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

நீக்கினால் வரமாட்டார் என்று நினைத்தீர்கள். அவர் ஓர் ஆட்டம்கூட விடவில்லை. டிக்கெட் வாங்கி, எதிர்ப்பக்கக் கேலரியில், அதே ஆரஞ்சுப் பனியனில் உட்கார்ந்திருப்பார். நம் அணிக்குத்தான் கத்துவார். இடைவேளையில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நான் ஸ்கோர் பலகையைப் பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படியே ஸ்கோர் பலகையைப் பார்த்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரு காலை செய்தித்தாளைப் பிரித்தால் நம் அணி வேறு நகரத்துக்குப் போகிறது என்று நான்கு வரிச் செய்தி. புது முதலாளிக்கு அங்கே வியாபாரம். பெயர் மறுபடி மாறுகிறது. நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேலரியில் ஏழு வருடம் தொண்டை கிழியக் கத்திய நாம் அந்தச் செய்தியைக் காசு கொடுத்து வாங்கித்தான் தெரிந்துகொண்டோம்.

அன்றைக்கு நான் அந்தோணிராஜின் கம்பெனி வாசலுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. பதினொரு மணி டீ நேரம். ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரும் வந்தார். காது மடலில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

“பேப்பர் பாத்தேன் அண்ணாச்சி.”

நான் மடித்த செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“இப்ப யாரு லேபிள வெட்டுவீய?”

கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். தோளைப் பிடித்து அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போடாத டீ என்று கடைக்காரனிடம் சொன்னார். எனக்குச் சர்க்கரை இருப்பதை மறக்கவில்லை. கண்ணாடிக் கூடு என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் செய்தது தவறு என்று ஆகிவிடும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார். பன்னிரண்டு மாதம். மங்கலத்திலிருந்து அவர் கம்பெனிக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்.

துக்க வீட்டில் நான் பார்த்ததையும் எழுதியாக வேண்டும். பூபதி வந்திருந்தான். முழங்கால் போய் அவனும் இப்போது எந்த அணியிலும் இல்லை. கடைசி நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து ஊளையிட்ட நீங்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்கள். பிணம் நடுவீட்டில் இருக்கும்போது. பதினோரு பேர் எடுத்துக்கொண்டீர்கள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எப்படிக் கண்ணு வந்தே?” என்றேன். 

“பஸ்லதானுங்க. அன்னைக்கு நான் ரெய்டு வந்தப்போ ஊரே கத்துச்சுங்க. எனக்கு ஒரு கைதட்டுதானுங்க கேட்டுது. யாருன்னு தேடிப் பாத்தேனுங்க. அப்பறம் ஒவ்வொரு வருசமும் பொங்கலுக்கு அவுங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போவேனுங்க.”

நாம் யாரும் போகாத வீட்டுக்கு.

பெட்டியை மூடும் முன் ஜெயமேரியிடம் போனேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து லேபிளை நீட்டினேன். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை.

“மூணு வருசமா உங்க பையிக்குள்ளதான கெடந்துச்சு அண்ணாச்சி. இப்பக் கொண்டாந்து என் கையில குடுத்தா சரியாப் போச்சா?”

“உள்ள வெச்சரலாமுங்க அம்மணி. பனியனோட...”

“பனியன நான் உள்ள வைக்கல. வீட்டுலதான் வச்சிருக்கேன். இவுக அந்தப் பிரிஞ்ச தையல மூடவே இல்ல. ஊரு ஒலகத்துக்கெல்லாம் தைக்கீய, இதத் தைக்க மாட்டீயளான்னு எத்தனை நாளு கேட்டுருக்கேன். பிரிச்சவுக வந்து தைக்கட்டும்னு சொல்லிட்டாக. வெட்டுனது எல்லாரும் கூடியிருந்த எடத்துல வச்சுத்தான? தைக்கதும் அங்கன வச்சுத் தையுங்க.”

அந்தோணிராஜும் பிடிவாதக்காரர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று தம்பிமார் வண்டி பேசியிருந்தார்கள். “இங்கனயே பொதைங்கன்னு சொல்லியிருக்காக” என்று ஜெயமேரி மறுத்துவிட்டார். ரத்தம் காட்டிவிட்டது என்று என்னால் சொல்லப்பட்டவர் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பூபதி போனது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். ஐந்து வருடம் ஓர் ஊரின் வாயில் தன் பெயரை ஏற்றிவிட்டு, கூடுதலாகக் கிடைக்கிறது என்று இறங்கிப் போகிறவனுக்கு அது பிழைப்பாக இருக்கலாம். அந்தப் பெயரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறவனுக்கு அது என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஏலம் போடுகிறவர்கள் கேட்பதில்லை. நாமோ அந்தக் கசப்பை முதலாளி மேல் காட்டவில்லை, அவர் எட்டாத இடத்தில் இருந்தார். பூபதி மேலும் காட்ட முடியவில்லை, அவன் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் காட்டினோம். போகாமல் இருந்த ஒரே குற்றத்துக்காக அந்தோணிராஜ் நம் கைக்கு எட்டினார்.

வரும் ஞாயிறு அவருக்கு முப்பதாம் நாள் பூசை. அன்று நடக்க வேண்டியவை இவை.

நந்தகுமார், தூண் சாய்ந்தது என்ற படத்தை நீங்கள் குழுவிலிருந்து எடுக்க வேண்டும். அந்தோணிராஜை நாம் நீக்கினோம், இன்ன காரணத்துக்காக நீக்கினோம் என்று அதே குழுவில் எழுத வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, நாம் செய்தது அநியாயம் என்று எழுதி முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும்.

கை தூக்கிய நாற்பத்தொரு பேரும் பூசை முடிந்து அதே மொட்டை மாடிக்கு வர வேண்டும். ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். ஷிப்மென்ட் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் ஷிப்மென்ட் இருந்தது, வந்தீர்கள். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு வர வேண்டும், நீலமோ ஆரஞ்சோ.

துக்க வீட்டில் படம் எடுத்துக்கொண்ட பதினோரு பேர் அதை அழித்துவிட்டு வர வேண்டும்.

அணியின் முதலாளியிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அவர் பனியனுக்குள் லேபிளே கிடையாது.

பூபதி, நீ குன்னத்தூரிலிருந்து வர வேண்டும். நீ போனது தப்பு என்று எல்லோர் முன்னாலும் உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, அந்த ரெய்டுக்காகக் கைதட்டுவேன். இரண்டும் முடியும்வரை நீ நிற்க வேண்டும்.

ஜெயமேரி பனியனைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தைப்பது நான். கீழேயே ஓவர்லாக் மிஷின் இருக்கிறது, அரை நிமிட வேலை என்று நேற்று ஒருவர் சொன்னார். வேண்டாம். கையால்தான். ஒரு வாரமாகப் பழைய துணியில் தைத்துப் பார்க்கிறேன். விரலில் ஊசி ஏறுகிறது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த லேபிள் என்னிடம் இருக்காது. பாத்து அண்ணாச்சி, தையல் பிரிஞ்சிராம என்று சொன்ன அந்தக் குரல் மட்டும்தான் அவருடையது என்று என்னிடம் மிஞ்சும். அதை வைத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஊசியில் நூல் கோக்க நேரமாகும். யாரும் உதவிக்கு வரக் கூடாது. கோத்து முடிக்கும்வரை எல்லோரும் நிற்க வேண்டும்.